இருதார மணத்துக்குப் புகார் கொடுக்கக் காலவரம்பு உண்டா?

கேள்வி: மருதநிலம்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் பொருட்டு இதைக் கேட்கிறேன். அக்காவுக்கு 2006இல் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. இரண்டு பிள்ளைகள். 2012இல் அவருடைய கணவர் வீட்டை விட்டுத் தனியே சென்றுவிட்டார். 2014இல் ஒரு கோவிலில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார் என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. நீதிமன்றத்தில் விவாகரத்து எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகளின் படிப்புக்காக அவர் மாதந்தோறும் ஒரு தொகை அனுப்பிக்கொண்டிருந்ததாலும், வழக்குப் போட்டால் அதுவும் நின்றுவிடும் என்று அக்கா அஞ்சியதாலும், அப்போது யாரும் புகார் கொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு அந்தப் பணமும் நின்றுவிட்டது. காவல் நிலையத்துக்குச் சென்றபோது, "இத்தனை ஆண்டுகள் கழித்து வந்தால் வழக்கு எடுபடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உறவினர் ஒருவர் மூன்று ஆண்டுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஏழு ஆண்டுகள் வரை அவகாசம் இருந்தது, அது முடிந்துவிட்டது என்கிறார். இவற்றில் எது சரி? காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் புகாரைத் தள்ளிவிடுமா? அக்காவுக்கு உடல்நலம் சரியில்லை. அவருக்குப் பதிலாக நான் புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் எங்கள் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்.

பதில்: சட்டத்துணை

உங்கள் உறவினர்கள் சொன்ன இரண்டுமே சரியல்ல. இருதார மணக் குற்றத்துக்குப் புகார் கொடுக்க இந்தியச் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை யாரேனும் மறுத்துச் சொல்லும்போது உங்களால் பதில் சொல்ல முடியும்.

குற்ற வழக்குகளுக்கான காலவரம்பு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 514ஆவது பிரிவு. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமானால் 6 மாதம், ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்கதானால் 1 ஆண்டு, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்கதானால் 3 ஆண்டு என்று அந்தப் பிரிவு வரம்பு கட்டுகிறது. மூன்றாண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு அது எந்த வரம்பும் சொல்லவில்லை. கணவனோ மனைவியோ உயிருடன் இருக்கும்போது, செல்லாத மறுமணம் செய்துகொள்வது இந்திய தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். முதல் திருமணத்தை மறைத்து மணந்திருந்தால் 495ஆவது பிரிவின்படி பத்து ஆண்டுகள் வரை சிறை. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவ்விரண்டும் 82ஆவது பிரிவின் இரண்டு உட்பிரிவுகளாக உள்ளன. தண்டனை அளவு மாறவில்லை. நீதிமன்றம் இறுதியில் எத்தனை மாதம் தண்டனை கொடுக்கிறது என்பது இங்கே கணக்கில் வராது. சட்டம் எவ்வளவு வரை விதிக்க அனுமதிக்கிறது என்பதே அளவுகோல்.

"மூன்று ஆண்டு" என்ற பேச்சு, கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான 498ஏ பிரிவிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்தக் குற்றத்துக்கு உச்ச தண்டனை மூன்றாண்டு என்பதால் அதற்கு மூன்றாண்டு வரம்பு உண்டு. அதிலும் கொடுமை தொடர்ந்து நடக்குமானால் ஒவ்வொரு நிகழ்வும் புதிய தொடக்கமாகக் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்திருக்கிறது.

"ஏழு ஆண்டு" என்பது 494ஆவது பிரிவிலேயே வருகிறது, ஆனால் முற்றிலும் வேறு பொருளில். கணவனோ மனைவியோ தொடர்ந்து ஏழு ஆண்டுகள் காணாமல் போய், உயிரோடு இருப்பதாக எந்தச் செய்தியும் இல்லாத நிலையில், அந்த உண்மையைப் புதிய துணையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மறுமணம் செய்தால் அது குற்றமாகாது என்பது அந்த விதிவிலக்கு. உங்கள் அக்கா காணாமல் போனவர் அல்லர். அவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய கணவர் அந்த விதிவிலக்கைப் பேசவே முடியாது.

திருமணம் 2014இல் நடந்திருப்பதால் குற்றம் பழைய 494ஆவது பிரிவின் கீழேயே வரும். புகாரை இனிமேல் கொடுப்பதால் நடைமுறை புதிய சட்டத்தின்படி இருக்கும். இதைக் குழப்பிக்கொண்டு தவறான பிரிவைக் குறிப்பிட்ட மனுக்களைப் பார்க்கிறேன். அதனால் புகாரே செத்துவிடாது என்றாலும் தேவையற்ற வாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

காவல் நிலையம் திருப்பி அனுப்பியதற்கு அவர்கள் சொன்ன காரணம் தவறு, ஆனால் முடிவுக்கு வேறொரு அடிப்படை உண்டு. தமிழ்நாட்டில் இது பிடியாணை இல்லாமல் காவலர்கள் கைது செய்யத்தக்க குற்றம் அன்று. நீதித்துறை நடுவரிடம் பாதிக்கப்பட்டவர் நேரடியாகத் தனிநபர் புகாராகத் தாக்கல் செய்வதே முறையான வழி. ஆந்திரத்தில் பழைய சட்டத்தின் கீழ் மாநிலத் திருத்தத்தால் நிலை வேறாக இருந்தது. கொடுமைக் குற்றமும் சேர்ந்து ஒரே புகாரில் வந்தால், காவல்துறை அறிக்கையின் பேரிலும் நீதிமன்றம் இருதாரக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்கலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதையும் உங்கள் வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

நீங்கள் புகார் கொடுக்கலாமா என்பதற்கு ஆம் என்றே பதில். திருமணம் தொடர்பான குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மட்டுமே புகார் கொடுக்க முடியும் என்பது பொது விதி. ஆனால் இருதார மணத்தில் பாதிக்கப்பட்டவர் மனைவியாக இருந்தால், அவர் சார்பில் தந்தை, தாய், உடன்பிறந்தவர்கள், மகன், மகள், தந்தையோடும் தாயோடும் உடன்பிறந்தவர்கள் ஆகியோர் புகார் கொடுக்கலாம். பழைய சட்டத்தில் 198, புதியதில் 219 என்ற பிரிவு இதைச் சொல்கிறது. உடன்பிறந்தவருக்கு நீதிமன்றத்தின் தனி அனுமதி தேவையில்லை. மற்ற உறவினர்களுக்குத்தான் அனுமதி வேண்டும். எனினும் சாட்சியம் சொல்ல உங்கள் அக்கா ஒரு கட்டத்தில் வந்தே ஆக வேண்டியிருக்கும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

பதில்: நீர்முள்ளி

சட்டத்துணை அவர்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் காலவரம்பு இல்லை என்பதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு, தாமதத்தால் விளையும் உண்மையான சேதத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுபவர்கள் பலர் இருப்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வரம்பு இல்லாத குற்றத்தில் தாமதம் என்ற ஒன்றை மட்டும் காட்டி வழக்கைத் தூக்கி எறிய முடியாது. குற்றத்துக்கு மரணமில்லை என்ற பழைய கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 2007இல் விரிவாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் விளக்கம் சொல்லப்படாத தாமதம், சாட்சியை நம்பலாமா என்ற கேள்வியை எழுப்பும். எதிர்த்தரப்பு முதல் நாளே உயர் நீதிமன்றத்துக்குச் சென்று, "ஜீவனாம்சப் பேரத்துக்காகப் பத்து ஆண்டு கழித்துப் போட்ட பொய்ப் புகார்" என்று சொல்லி ரத்து கேட்கும். அதற்கான பதில் உங்கள் புகாரிலேயே இருக்க வேண்டும். எப்போது தெரிந்தது, யார் மூலம் தெரிந்தது, தெரிந்த பின்னும் ஏன் காத்திருந்தார், பணம் எந்த மாதத்தில் நின்றது என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் என்று ஒரு தாய் அஞ்சியது எந்த நடுவருக்கும் புரியக்கூடிய காரணம். வங்கிக் கணக்கில் அந்தத் தொகைகள் வந்து நின்ற தடம் அதற்கு ஆவணமாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய இடர் இரண்டாம் திருமணத்தை நிரூபிப்பதில் இருக்கிறது. இந்த வகை வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், குழந்தை இருக்கிறது, குடும்ப அட்டையில் மனைவி என்று பெயர் இருக்கிறது என்பவையெல்லாம் சேர்ந்தாலும் குற்றவியல் நீதிமன்றத்தில் திருமணம் நிரூபணம் ஆகிவிடாது. மணம் செய்துகொண்டார் என்றால் சட்டப்படி செல்லத்தக்க சடங்குகளோடு செய்துகொண்டிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதை அடுத்து வந்த ஒரு தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்டவர் தானே ஒப்புக்கொண்டதுகூடப் போதாது என்றும் கூறியது. எத்தனையோ பெண்கள் அக்கினி வலம் வந்ததை நேரில் கண்ட சாட்சி இல்லாததால் தோற்றுப்போனார்கள். என் மனத்தை மிகவும் வருத்தும் சட்ட நிலை இது. கணவன் மறைவாகச் செய்த திருமணத்துக்கு மனைவி சாட்சி தேடி அலைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

தமிழ்நாட்டில் மட்டும் இந்தச் சுமை கொஞ்சம் குறைவு. சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லத்தக்கவையாக்க 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் அது செல்லத்தக்க மணம். புரோகிதரும், அக்கினி முன் ஏழடி நடக்கும் சப்தபதியும் வேண்டியதில்லை. திருமணங்களை எளிமையாக்க வந்த இந்தப் பிரிவே இருதார வழக்கிலும் மனைவிக்குத் துணையாக நிற்கிறது. கோவில் மண்டபத்தில் தாலி கட்டிய ஒருவர், ஏழடி நடக்கவில்லை என்பதால் அது திருமணமே இல்லை என்று வாதிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து சென்ற அந்த வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. உங்கள் அக்காவின் வழக்குக்கு மிக நெருக்கமான தீர்ப்பு அதுதான்.

ஆகவே தாலி கட்டியதைக் கண்ணால் கண்ட ஒருவரையாவது இப்போதே தேடுங்கள். திருமணத்துக்குக் கட்டணம் வாங்கும் கோவிலானால் அதன் பதிவேட்டில் அந்தத் தேதியில் பெயர்கள் இருக்கலாம். 2009 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம் என்பதால், சார்பதிவாளர் அலுவலகத்திலும் தேடிப் பார்ப்பது வீண் போகாது. பதிவு இருந்துவிட்டால், சாட்சிக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களும் உங்களுக்குக் கிடைத்துவிடும். ஆனால் சடங்கே இல்லாமல் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு இந்துத் திருமணம் நடந்ததாகச் சொல்ல முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருப்பதால், பதிவு கிடைத்ததும் சாட்சியைத் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அர்ச்சகர் மாறியிருப்பார், சாட்சிகள் ஊர் விட்டுப் போயிருப்பார்கள், பழைய பதிவேடுகள் கிடைக்காமல் போகும். சட்டம் காத்திருக்கச் சம்மதித்தாலும் இவை காத்திருப்பதில்லை.

மருதநிலம்

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு விவரங்களைச் சேர்க்கிறேன். அந்தத் திருமணத்தின் புகைப்படங்கள் சில, அங்கே சென்றிருந்த ஒருவரின் கைப்பேசியிலிருந்து எங்களுக்கு வந்திருக்கின்றன. அவர் சாட்சி சொல்லத் தயங்குகிறார். இன்னொன்று, 2013இல் ஊர்ப் பெரியவர்கள் சிலரை வைத்து, "இனி நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று முத்திரைத் தாளில் எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதை விடுதலைப் பத்திரம் என்று சொல்கிறார்கள். அதுவே விவாகரத்து ஆகிவிட்டது, அதனால்தான் மறுமணம் செய்தேன் என்று அக்காவின் கணவர் எல்லோரிடமும் சொல்லி வருகிறார். இதனால் புகாருக்குப் பாதிப்பு வருமா? அதோடு, குடும்பத்தார் எல்லோர் மீதும் சேர்த்துப் புகார் கொடுக்க வேண்டும் என்று எங்கள் மாமா வற்புறுத்துகிறார். அதுவும் சரிதானா என்று சொல்லுங்கள்.

பதில்: சட்டத்துணை

முத்திரைத் தாளில் எழுதிக்கொள்வதால் இந்துத் திருமணம் முறிவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பால் மட்டுமே முறியும். இந்து திருமணச் சட்டம் தன் 29ஆவது பிரிவில் வழக்காற்று மணமுறிவை ஒதுக்கி வைத்துப் பாதுகாத்திருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக, மாறாமல் நடைமுறையில் இருக்கிறது என்பதை அதைச் சொல்பவரே எடுத்துரைத்து நிரூபிக்க வேண்டும். நான்கு பெரியவர்கள் கூடி எழுதியது வழக்காறு ஆகிவிடாது. எனவே அந்தப் பத்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அதே நேரம், அதைப் பற்றிப் புகாரில் சொல்லாமல் விட்டுவிடவும் வேண்டாம். எந்த நிலையில், யார் வற்புறுத்தலில் கையெழுத்துப் போட்டார் என்று உங்கள் தரப்பிலிருந்தே முதலில் வரட்டும். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் அதை எடுத்து நீட்டும்போது அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது.

உண்மையான நீதிமன்றத் தீர்ப்பு இருந்தால் கதையே வேறு என்பதால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவுக்கு அழைப்பாணை சரியாக வந்து சேராமல், எங்கோ ஒரு குடும்ப நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சமாக விவாகரத்து பெற்றிருக்கிறாரா என்று பாருங்கள். மறுமணம் நடந்த நாளில் அப்படியொரு தீர்ப்பு நடைமுறையில் இருந்திருந்தால், பின்னால் அது ரத்து செய்யப்பட்டாலும் இருதாரக் குற்றம் நிற்காது. இணையவழி நீதிமன்றச் சேவையில் பெயரைக் கொண்டு தேடலாம்.

புகைப்படத்தைக் கைப்பேசியிலிருந்து அச்சிட்டு அப்படியே கொடுத்தால் பயனில்லை. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் கூடவே வேண்டும். படத்தை எடுத்தவர் தயங்குகிறார் என்றால், சாட்சிப் பட்டியலில் அவர் பெயரைக் குறிப்பிடுங்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்த பிறகு பலர் வந்து உண்மையைச் சொல்கிறார்கள். தானாக முன்வந்து சொன்னவன் என்ற பழி தனக்கு வராது என்ற ஆறுதல் அவர்களுக்கு அப்போது கிடைக்கிறது.

உங்கள் மாமாவின் யோசனையை நான் ஏற்கவில்லை. 494ஆவது பிரிவு தண்டிப்பது, துணை உயிரோடிருக்கும்போது மறுமணம் செய்தவரை. திருமணத்துக்கு வந்திருந்தார், வாழ்த்தினார் என்பதற்காக உறவினர்களை இதில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்திருக்கிறது. முதல் மனைவி இருப்பது தெரிந்தே முன்னின்று நடத்தி வைத்தார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் அவரைச் சேருங்கள். பத்துப் பேரை இழுத்துவிட்டால் பத்துப் பேரும் ரத்து மனு போடுவார்கள், முதன்மையான வழக்கு அந்த மனுக்களுக்காகக் காத்துக் கிடக்கும்.

கொடுமைக் குற்றத்தையும் சேர்ப்பதா என்பதை வழக்கறிஞரோடு கலந்து முடிவு செய்யுங்கள். தனியாகப் பார்த்தால் அதற்கு மூன்றாண்டு வரம்பு இடிக்கும். ஆனால் ஒரே வழக்காகச் சேர்த்து விசாரிக்கத்தக்க குற்றங்களில், அதிகத் தண்டனைக்குரிய குற்றத்தை வைத்தே காலவரம்பைக் கணக்கிட வேண்டும் என்று 514ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. இது தவிர, நீதியின் பொருட்டுத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் 519ஆவது பிரிவில் நீதிமன்றத்துக்கு உண்டு. நீதிமன்றம் புகாரை விசாரணைக்கு ஏற்கும் நாளைக் கணக்கில் கொள்ளாமல், புகார் தாக்கல் செய்த நாளையே கொள்ள வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013இல் முடிவு செய்தது. புதிய சட்டம் அதைத் தன் வாசகத்திலேயே சேர்த்துக்கொண்டுவிட்டது. ஆகவே நீதிமன்றத் தாமதம் உங்கள் தலையில் விழாது.

பதில்: கார்த்திகைப்பூ

இந்த உரையாடலில் இன்னொரு பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த இரண்டாம் மனைவிக்கு முதல் திருமணம் தெரியுமா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா? தெரியாது என்றால் அவரும் உங்கள் அக்காவைப் போலவே வஞ்சிக்கப்பட்டவர்.

மறைத்து மணந்தால் பத்தாண்டு வரை சிறை என்று மேலே சொல்லப்பட்ட 495ஆவது பிரிவு அவரைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அவரும் சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவர்தான், புகார் கொடுக்க அவருக்கும் உரிமை உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அவருக்கும் காலவரம்பு இல்லை. முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியவன், "நீ என் சட்டப்படியான மனைவி இல்லை" என்று சொல்லி ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்க முடியாது என்றும் 2013இல் ஒரு தீர்ப்பு வந்தது. அவருடைய குழந்தை, இந்து திருமணச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி சட்டபூர்வமான குழந்தையே. அந்தக் குழந்தையை முறையற்றது என்று உங்கள் மனுவில் ஒரு வரி எழுதினாலும் அது சட்டப்படியும் தவறு, மனிதத் தன்மையும் அன்று.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டாம் திருமணம் எப்படி நடந்தது என்று நேரடியாகச் சொல்லத் தகுந்தவர்களில் முதன்மையானவர் அந்தப் பெண். முதல் மனைவியும் இரண்டாம் மனைவியும் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டு நிற்கும் வரை, இருவரையும் ஏமாற்றியவர்தான் பயன் பெறுகிறார். அவர் அறியாமல் மணந்தவர் என்றால் வழக்கறிஞர் மூலம் அவரோடு பேசிப் பாருங்கள். அவரைக் குற்றவாளியாகச் சேர்த்துவிட்ட பிறகு அந்தக் கதவு திறக்காது.

அவர் போன்ற நிலையில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோசடியால் நடந்த திருமணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவின் கீழ் மனுப் போடுவதாக இருந்தால், மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். ஆனால் மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார் என்றால் அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது. அதை அறிவிக்கக் கோரும் 11ஆவது பிரிவு மனுவுக்கு அந்த ஓராண்டு வரம்பு பொருந்தாது. தவறான பிரிவில் மனுப் போட்டுவிட்டுக் காலம் கடந்தது என்று திரும்பி வர வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

அவர் என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அரசுப் பணியில் இருப்பவரானால், முதல் துணை இருக்கும்போது மறுமணம் செய்வது நடத்தை விதிகளின்படியும் தவறு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு விதிகளும், தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு விதிகளும் இதைத் தடை செய்கின்றன. துறை விசாரணைக்குக் குற்றவியல் வழக்கு அளவுக்குக் கடுமையான நிரூபணம் தேவைப்படாது.

ஆனால் இங்கே ஒரு காலவரம்பு ஒளிந்திருக்கிறது. அவர் பணியில் இருக்கும் வரை துறை நடவடிக்கை எடுக்கலாம். ஓய்வு பெற்ற பிறகு புதிதாகத் தொடங்குவதானால், தொடங்கும் நாளுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்குள் நடந்த நிகழ்வுகள் குறித்து மட்டுமே தொடங்க முடியும் என்று ஓய்வூதிய விதிகள் கட்டுப்படுத்துகின்றன. 2014இல் நடந்த திருமணத்துக்கு அவர் ஓய்வு பெற்ற பின் துறையிடம் மனுக் கொடுத்துப் பயனிராது. ஓய்வு நெருங்குகிறது என்றால் துறைத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். மனுவில் திருமணத் தேதி, இடம், ஆவண நகல் எல்லாம் இருக்கட்டும். பெயரில்லாக் கடிதங்களை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

மனு அனுப்பும் முன் குடும்பமாக உட்கார்ந்து ஒன்றை யோசியுங்கள். வேலை பறிபோனால் ஜீவனாம்சம் எதிலிருந்து வரும் என்ற கேள்வி இருக்கிறது. அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. ஜீவனாம்ச உத்தரவை முதலில் பெற்றுச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு துறையை அணுகியவர்களை நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். அது நல்ல வரிசை.

மருதநிலம்

அவர் அரசுத் துறையில்தான் பணிபுரிகிறார். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. இந்தத் தகவல் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கார்த்திகைப்பூ அவர்கள் சொன்னதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பெண்ணைக் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு கேள்வி. அக்கா இப்போது எங்களோடு வேறு மாவட்டத்தில் இருக்கிறார். புகாரையும் ஜீவனாம்ச மனுவையும் அவர் கணவர் இருக்கும் ஊருக்குச் சென்றுதான் தாக்கல் செய்ய வேண்டுமா?

பதில்: சட்டத்துணை

தேவையில்லை. இருதாரக் குற்றத்தை அது நடந்த இடத்திலும், கணவர் முதல் மனைவியோடு கடைசியாக வாழ்ந்த இடத்திலும் விசாரிக்கலாம். குற்றம் நடந்த பிறகு முதல் மனைவி நிலையாகக் குடியேறிய இடத்திலும் விசாரிக்கலாம். இது புதிய நடைமுறைச் சட்டத்தின் 202ஆவது பிரிவில் தெளிவாக உள்ளது. நீங்கள் இருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் மன்றத்திலேயே தாக்கல் செய்யுங்கள். குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று போன்று அக்கா அங்கே நிலையாக வசிப்பதைக் காட்டும் ஆவணம் ஒன்று கூடவே இருக்கட்டும். தாக்கல் செய்தவுடன் புகாரளிப்பவரிடமும் வந்திருக்கும் சாட்சிகளிடமும் சத்தியப் பிரமாண வாக்குமூலம் வாங்குவார்கள். புதிய சட்டத்தின் 223ஆவது பிரிவின்படி, வழக்கை விசாரணைக்கு ஏற்பதற்கு முன்பே எதிராளிக்கும் பேச வாய்ப்பு தரப்படும். முன்பு இந்தக் கட்டம் இருந்ததில்லை. தாமதம், விடுதலைப் பத்திரம் இரண்டையும் அவர் அங்கேயே எழுப்புவார் என்பதால், நீர்முள்ளி அவர்கள் சொன்ன விளக்கம் முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஜீவனாம்சத்துக்கு அதே சட்டத்தின் 144ஆவது பிரிவின் கீழ் அக்கா வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கணவர் வேறொரு பெண்ணை மணந்திருப்பது, அவரோடு சேர்ந்து வாழ மறுக்க மனைவிக்குப் போதுமான காரணம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. மனுப் போட வரம்பு இல்லை என்றாலும், உத்தரவான பின் நிலுவை விழுந்தால், அது செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். ஓராண்டைக் கடந்த நிலுவைக்கு அந்தப் பிரிவின் கீழ் பிடியாணை கேட்க முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு மனுவையும் சேர்த்துப் பரிசீலியுங்கள். அந்த மனுவுக்குக் குற்றவியல் காலவரம்பு பொருந்தாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தண்டனை வந்தாலும் பெயருக்குத்தான் இருக்கும் என்று யாராவது உங்களைத் தளரச் செய்தால், 2024 ஜூலையில் வந்த தீர்ப்பை அவர்களுக்குக் காட்டுங்கள். அங்கே கணவர் கொடுத்த புகாரில், மறுமணம் செய்த மனைவிக்கும் அவரை மணந்தவருக்கும் சென்னை உயர் நீதிமன்றம் நீதிமன்றம் கலையும் வரை சிறை என்று மட்டும் விதித்திருந்தது. குற்றத்தின் தன்மைக்கு அது போதாது என்று உச்ச நீதிமன்றம் ஆறு மாதச் சிறையாக உயர்த்தியது. அவர்களுக்குச் சிறு குழந்தை இருந்ததால், இருவரும் ஒரே நேரத்தில் சிறை செல்ல வேண்டாம், ஒருவர் முடித்து வந்த பின் மற்றவர் செல்லட்டும் என்றும் சொன்னது.

வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் பாராமல், உங்கள் அக்காவுக்குக் கட்டணமில்லா வழக்கறிஞர் கிடைப்பார். அங்கே செல்லும்போது 2006ஆம் ஆண்டுத் திருமணத்துக்கான பத்திரிகை, படங்கள், அதைக் கண்ட இருவரின் பெயர்கள் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் திருமணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு முதல் திருமணத்தை நிரூபிக்க மறந்து தோற்ற வழக்குகளும் உண்டு.